வரலாற்றில் இன்று: ராக் இசை முன்னோடி பட்டி ஹாலி மறைந்த தினம்

புதுதில்லி, பிப். 3: அமெரிக்க ராக் இசை முன்னோடி பட்டி ஹாலி, 1959-ஆம் ஆண்டு இதே நாளில் விமான விபத்தில் உயிரிழந்தார்.

டெக்சாஸ் மாநிலம் லப்பக் நகரில் 1936 செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்த இவர், பள்ளி நாள்களில் நண்பருடன் உள்ளூர் வானொலியில் கன்ட்ரி பாடல்களைப் பாடி வந்தார். 1955-இல் அந்நகருக்கு வந்த எல்விஸ் பிரெஸ்லியின் இசை, இவரை ராக் இசையின் பக்கம் திருப்பியது.

1956-இல் டெக்கா நிறுவனத்துக்காக நாஷ்வில் நகரில் இவர் பாடிய இசைத்தட்டுகள் வரவேற்பைப் பெறவில்லை, ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. அங்கு பதிவாகியும் வெளியிடப்படாத 'தட்ல் பி தி டே' என்ற தமது பாடலை, 1957 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலம் க்ளோவிஸில் தம் நண்பர்களுடன் மீண்டும் பதிவு செய்தார். பழைய ஒப்பந்தம் குறுக்கிட்டதால், 'தி கிரிக்கெட்ஸ்' என்ற குழுப் பெயரில் வெளியான அப்பாடல், அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

கடுங்குளிரில் பேருந்துப் பயணத்தைத் தவிர்க்க, அயோவா மாநிலம் கிளியர் லேக்கில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு வாடகை விமானத்தில் புறப்பட்டார். விமானம் வயலில் விழுந்து நொறுங்கியதில், பாடகர்கள் ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன், விமானி ஆகியோருடன் இவரும் உயிரிழந்தார். அப்போது இவருக்கு வயது 22.

முந்தைய ஆண்டில் லிவர்பூல் நகர இளைஞர் குழு ஒன்று தனது முதல் இசைப்பதிவுக்கு இவருடைய அதே பாடலைத் தேர்ந்தெடுத்திருந்தது. அக்குழுவே பின்னர் சொந்தப் பாடல்களால் உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸாக வளர்ந்தது.