தந்தை கார்டைன்: இளைஞர் கையில் நற்செய்தியைக் கொடுத்த குரு

நம் பங்கில் இளைஞர் குழு கூடும்போதும், அன்பியங்களில் விவிலியம் வாசிக்கும்போதும், வாசித்த பகுதியை நம் அன்றாட வாழ்வோடு வைத்துப் பார்த்துப் பேசுகிறோம். பார், சிந்தி, செயல்படு என்று சிறுவர்களுக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். இம்முறையை உலகெங்கும் பரவச் செய்த குருவானவரைப் பற்றி நம்மில் பலர் அறியோம். ஆகவே இந்த ஜூபிலி மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகத் தர விழைகிறோம்.

ஜோசப் கார்டைன் 1882-ம் ஆண்டு நவம்பர் 13-ம் நாள் பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரசல்ஸை அடுத்த ஸ்கார்பேக்கில் பிறந்தார். ஹால் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை நிலக்கரி விற்றுப் பிழைத்த எளிய மனிதர். அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளி முடிந்ததும் ஆலைக்குப் போவதே வழக்கம். ஜோசப்பும் அப்படியே போக வேண்டியவர்தான். ஆனால் ஒருநாள் இரவு, பெற்றோர் கணப்பருகே அமர்ந்திருந்த வேளையில், மாடியிலிருந்து மெல்ல இறங்கிவந்து, தாம் குருவாக விரும்புவதைச் சொன்னார். மகன் சம்பாதித்து வருவான் என்று எதிர்பார்த்திருந்த தகப்பனார், தாமே இன்னும் சில ஆண்டுகள் உழைப்பதென்று முடிவு செய்து அவரைப் படிக்க அனுப்பினார்.

விடுமுறைக்கு ஊர் வந்த மாணவருக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. கூட விளையாடிய தோழர்கள், ஆலயத்தில் அருகில் முழந்தாளிட்டவர்கள், இப்போது ஆலைத் தொழிலாளிகள். அவர்கள் இவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை; குருக்களோடு சேர்ந்துகொண்டவன் என்று விலகிப் போனார்கள். விசுவாசமும் அவர்களிடமிருந்து அகன்றிருந்தது. இந்தக் காயம் அவர் உள்ளத்தில் கடைசிவரை ஆறவில்லை. 1903-ல் தந்தையார் மரணப் படுக்கையில் கிடந்தபோது, தம் வாழ்நாளைத் தொழிலாளருக்கே அளிப்பதாக உறுதி பூண்டார்.

1906-ல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியபின், 1912-ல் பிரசல்ஸ் நகரின் லேக்கன் பங்கில் உதவிக் குருவாக நியமிக்கப்பட்டார். அங்கே தையல் வேலையும் ஆலை வேலையும் செய்த இளம் பெண்களைச் சிறு சிறு வட்டங்களாகக் கூட்டினார். அவர்களுக்கு அவர் பிரசங்கம் செய்யவில்லை. எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி, மேற்பார்வையாளர் எப்படி நடத்துகிறார் என்று அவர்களையே விசாரித்து வரச் சொன்னார். பிறகு இளைஞர்கள் வந்தார்கள். பெர்னான் தோனே, போல் கார்சே, ஜாக் மேர்ட் என்னும் மூவரே பின்னாளில் இயக்கத்தின் தூண்களானார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் தந்தை கார்டைனைச் சிறையில் அடைத்தனர். அந்தத் தனிமையையும் அவர் வீணாக்காமல் தம் திட்டங்களைத் தீட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இயக்கம் வளர, எதிர்ப்பும் வளர்ந்தது. தொழிலாளருக்கென்று தனி அமைப்பு கத்தோலிக்க இளைஞரைப் பிளவுபடுத்தும் என்று பலர் குறை கூறினர். அதிமேற்றிராணியார் கர்தினால் மெர்சியே அவர்களும் தயங்கினார். ஓர் உதவிக் குருவுக்கு இது எளிய சோதனையா? 1925-ல் அவர் உரோமைக்கே சென்று பாப்பரசர் 11-ம் பத்திநாதரைக் கண்டு பேசினார். தொழிலாளர் உலகைத் திருச்சபை இழந்துவருவதை எண்ணி வருந்திய பாப்பரசர் அவரை மனமுவந்து ஆசீர்வதித்தார். அவ்வாண்டே இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறைப்படி நிறுவப்பட்டது.

இனி, அவர் குழுக்கள் நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்கு மிகவும் பயன்படுவது இதுவே. குழு சிறியது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் அளவு. நடத்துபவர் குருவானவர் அல்லர். அவர்களுள் ஒருவரான இளம் தொழிலாளியே. குருவானவர் முன்கூட்டியே அந்தத் தலைவரோடு அமர்ந்து நற்செய்திப் பகுதியைப் படித்து அவரைத் தயாரிப்பார். கூட்டத்திலோ ஓரமாக அமர்ந்து பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆயிரக்கணக்கானோர் முன் மேடையில் இடிபோல் முழங்கிய கார்டைன் சிறு குழுவில் வாய்மூடி இருக்கக் கற்றிருந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. மேடையில் பேசுவதைவிட இது கடினம் என்று எண்ணுகிறோம்.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருளை யாரும் உடனே விளக்கிவிட மாட்டார்கள். இயேசு யாரைப் பார்த்தார், என்ன செய்தார், நம் ஆலை வாசலில் வேலையின்றி நிற்பவன் யார் என்று கேள்விகள் எழும். அவரவர் அந்த வாரம் கண்டதைச் சொல்வார்கள். முடிவில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிறுவனைத் துணையின்றி விடாதிருப்பது போன்ற ஏதேனும் ஒரு சிறு செயல் தீர்மானிக்கப்படும். அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இல்லாவிடில் முழுக் கூட்டமும் பேச்சாகவே முடிந்துவிடும். நம் குழுக்களில் நாம் பலமுறை மறந்துபோவதும் அதைத்தான். நடத்துகிற நாமே கேள்வி கேட்டு, நாமே பதிலும் சொல்லிவிடுவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்!

இரண்டாம் உலகப் போரில் கார்டைன் மீண்டும் சிறைப்பட்டார். தோனேயும் கார்சேயும் டாக்கோ வதைமுகாமில் 1945-ல் உயிர் நீத்தனர். சிறு அறையில் தொடங்கிய விவிலிய வட்டத்தின் முதல் தோழர்கள் அங்கே மாண்டது அவருக்கு எத்தகைய துயரமாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் ஓயவில்லை. நாடு நாடாகப் பயணம் செய்தார். 1957-ல் உரோமையில் சுமார் 30,000 இளம் தொழிலாளர்கள் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் முன் கூடினார்கள். 1961-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில், பார், சிந்தி, செயல்படு என்னும் முறையைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

1965-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தியபோது அவருக்கு வயது 82. அவ்வாண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலும் அவர் எழுந்து பேசினார். 1967-ம் ஆண்டு ஜூலை 24-ம் நாள் லூவேனில் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2014-ல் அவர்தம் மறைமாவட்டத்தில் தொடங்கியது. தாம் உதவிக் குருவாகச் சென்று சில தையற்பெண்களை முதன்முதல் கூட்டிய அதே லேக்கன் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.