துண்டுச் சீட்டை எதிர்த்த நீதிபதி

கங்காணியின் கடன் தீரும்வரை வேறு தோட்டத்திற்குப் போக முடியாது என்று, தம் தகப்பனார் காலத்துக் கதையைப் பாட்டி சொல்வார். பத்து பெரண்டாம் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். இலங்கையில் அந்தக் கடனுக்கு ஒரு சீட்டே இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. அதை ஒழிக்கப் போராடியவர்களுள் முதன்மையானவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு வரலாறு படித்த எனக்கு, பல்கலைக்கழகம் வந்த பிறகே இப்பெயர் அறிமுகமானது.

அருணாசலம் 1853 செப்டம்பர் 14-இல் கொழும்பில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய அண்ணன். கேம்பிரிட்ஜில் பயின்று, 1875-இல் திறந்த போட்டித் தேர்வு வழியாக இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் என்ற பெருமையைப் பெற்றார். வழக்கறிஞர் தகுதியும் அவருக்கு இருந்தது. பல ஊர்களில் நீதிபதியாகப் பணியாற்றியவரை, 1887-இல் ஆளுநர் கோர்டன் பதிவாளர் நாயகமாக்கினார். மூத்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலரைத் தாண்டி வந்த பதவி அது; அவர்கள் சும்மா இருப்பார்களா? முணுமுணுப்பு இலண்டன் வரை போயிற்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அவரே நடத்தினார். 1913-இல் சர் பட்டத்துடன் ஓய்வு பெற்றார்.

நம்மில் பலர் அத்துடன் சாய்வு நாற்காலியைத் தேடியிருப்போம். அவரோ தோட்டத் தொழிலாளர் பக்கம் திரும்பினார்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி கப்பல் ஏறும்போதே கடன்காரன். கடன் தொகை துண்டில் எழுதப்படும். அதைக் கட்டும் தோட்டத்திற்கே அவன் போகலாம். சொல்லாமல் வேலையை விட்டால் அது குற்றம், சிறையும் உண்டு. கூலி ஒப்பந்தத்தை மீறுவது எப்படிக் குற்றவியல் வழக்காகும்? நீதிபதி நாற்காலியில் அமர்ந்தவர் கேட்டதால் இக்கேள்விக்குக் கனம் இருந்தது. 1915-இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919-இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் தொடங்கி வாதாடினார். 1921-இல் துண்டு முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது.

அரசியலில் அவருக்குக் கிடைத்தது ஏமாற்றம். சிங்களரும் தமிழரும் இணைந்து 1919-இல் அமைத்த இலங்கைத் தேசியக் காங்கிரசின் முதல் தலைவர் அவரே. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் ஒதுக்க ஆதரவளிப்போம் என்று சிங்களத் தலைவர்கள் எழுத்து மூலம் தந்த உறுதியை நம்பித்தான் யாழ்ப்பாணத்தாரை அவர் இணங்க வைத்தார். உறுதி காற்றில் போயிற்று. சட்டம் கற்றவர் ஒரு கடிதத்தை இவ்வளவு நம்பியிருக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1921-இல் காங்கிரசை விட்டு விலகினார். 1923-இல் தமிழருக்கெனத் தனிச் சங்கம் கண்டார்.

1924 ஜனவரி 9-இல், தல யாத்திரை சென்றிருந்த இடத்தில், மதுரையில் காலமானார். 1906 முதல் அவர் கேட்டுவந்த பல்கலைக்கழகம் 1942-இல்தான் உருவானது. பேராதனை வளாகத்தில் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.