பாபநாசத்துக்காரர்

பாபநாசம்னு சொன்னதும் நம்மில் பலருக்கு 2015-ல் வந்த கமல் படம்தான் ஞாபகம் வரும். அது தாமிரபரணிக் கரை பாபநாசம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், வயல்களுக்கு மத்தியில் இன்னொரு பாபநாசம் இருக்கு. அந்த ஊரைத் தன் பெயரிலேயே வைத்திருந்தவர் பாபநாசம் சிவன்.

சொந்தப் பெயர் ராமையா. 1890-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட, அம்மா பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்விட்டார். அங்கே மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தார். 1910-ல் அம்மாவும் இறந்துபோனார். அப்போ அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசு. பிறகு டெல்டாவுக்குத் திரும்பி, பாபநாசத்தில் இருந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார்.

கோயில் கோயிலாகப் போய் பஜனை பாடினார். உடம்பெல்லாம் விபூதியோடு அவர் பாடுவதைப் பார்த்த ஜனங்கள் 'பாபநாசம் சிவன்' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரிடம் சங்கீத நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார்.

பஜனையில் ஒருத்தர் பாடுவார், பின்னால் நடந்து வருகிறவர்கள் திருப்பிப் பாடணும். சொல் கடினமாக இருந்தாலோ, மெட்டு பிடிபடாமல் போனாலோ கூட்டம் அமைதியாகிவிடும். சமஸ்கிருதம் படித்த மனிதர் எளிய தமிழில் எழுதியதுக்கு இந்தத் தெருப் பழக்கம் முக்கியமான காரணம்னு எனக்குத் தோணுது.

அதே கையோடு சினிமாவுக்கும் வந்தார். 1934-ல் 'சீதா கல்யாணம்'. பிறகு மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதருக்காக 'அம்பிகாபதி', 'அசோக்குமார்', 'சிவகவி' படப் பாடல்கள். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. கச்சேரிக்கே போகாதவர்களும் அந்தப் படத்தின் சாருகேசிப் பாட்டை முணுமுணுத்தார்கள். 'தியாகபூமி'யில் (1939) சாம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். அந்தப் படத்தை பிரிட்டிஷ் அரசு தடை செய்தது.

சினிமாவுக்கு ஒரு தரம், கச்சேரிக்கு ஒரு தரம்னு அவர் பிரிக்கலை. படத்துக்காகச் செய்த பாட்டைக் கச்சேரி மேடையில் பெரிய வித்வான்களும் பாடினார்கள். 1971-ல் மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' கொடுத்தது. 1973-ல் காலமானார்.

கர்நாடக சங்கீதம் நமக்குப் புரியாதுன்னு ஒதுங்கி நிற்கிறவங்க நம்ம ஹாஸ்டலிலும் நிறைய. அவங்க சிவனிடமிருந்து தொடங்கலாம். ராகம் தெரியாத கூட்டமும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டுகளை அவர் எழுதினார். அடுத்த தடவை ரயிலில் கும்பகோணம் போகும்போது, பாபநாசம் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பாட்டாவது கேட்டுப் பாருங்க.