கார்ல் சுவார்ட்சைல்டு

இரவு வானில் மின்னும் விண்மீன்கள் அசைவின்றி நிற்பன போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை யாவும் விரைந்து இயங்குகின்றன. அவ்வியக்கத்தின் ஒழுங்கை ஆராய்ந்த பெருமக்களுள் ஒருவர் செருமானிய வானியல் அறிஞர் கார்ல் சுவார்ட்சைல்டு.

இவர் 1873-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். பள்ளியிற் பயிலும்போதே, கைச்செலவுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வில்லைகள் வாங்கித் தொலைநோக்கி அமைத்தார். பதினாறாம் வயதில், இரட்டை விண்மீன்களின் பாதையைப் பற்றி ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியிட்டார். 1901-இல் கெட்டிங்கன் வானாய்வு நிலையத்தின் தலைவரானார்.

விண்மீன்கள் இரு கூட்டங்களாகப் பிரிந்து செல்கின்றன என்பது டச்சு அறிஞர் காப்டைனின் கொள்கை. சுவார்ட்சைல்டோ, கூட்டம் ஒன்றே என்றும், ஒரு திசைக்கோட்டில் மட்டும் அவற்றின் வேகங்கள் மிகுதியாக வேறுபடுகின்றன என்றும் 1907-இல் விளக்கினார். அக்கோடு ஏறத்தாழப் பால்வழி மண்டலத்தின் நடுவிடத்தை நோக்கியிருந்தது. ஆயின், அந்நடுவிடம் தனுசு விண்மீன் குழுவின் திசையில் உள்ளது என்பதை 1918-இல்தான் ஷேப்லி என்னும் அறிஞர் கண்டறிந்தார்!

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நாற்பது வயதைக் கடந்திருந்தும், சுவார்ட்சைல்டு தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணித்தல் அவர் பணிகளுள் ஒன்று. போர்முனையில் இருந்தபோது, ஐன்ஸ்டைன் 1915 நவம்பரில் வெளியிட்ட ஈர்ப்புச் சமன்பாடுகளைப் பயின்றார். உருண்டை வடிவான ஒரு பொருளைச் சூழ்ந்த ஈர்ப்புக்கு நிறைவான விடை கண்டு, டிசம்பரில் ஐன்ஸ்டைனுக்கே எழுதியனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை 1916 சனவரியில் அறிஞர் அவையில் அளித்தார். அதற்குள் கொடிய தோல் நோய் சுவார்ட்சைல்டைப் பற்றியிருந்தது. அவ்வாண்டு மே 11-ஆம் நாள், தம் 42-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவ்விடையில் ஓர் எல்லை அடங்கியிருந்தது. ஞாயிறு 3 கிலோமீட்டர் ஆரத்திற்குள் சுருங்குமாயின், ஒளியும் அதினின்று வெளியேறாது. அத்தகைய பொருளையே இன்று கருந்துளை என்கிறோம். பால்வழியின் நடுவில் ஞாயிற்றைப் போல ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உள்ளது. நடுவை அணுக அணுக விண்மீன்கள் செறிந்து காணப்படுகின்றன. அவற்றின் வேகமும் மிகுகின்றது. அவற்றுள் ஒன்று 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைச் சுற்றி வருகின்றது.

தந்தை மறைந்தபோது மூன்று வயதுக் குழந்தையாக இருந்த மார்ட்டின், பின்னர்த் தாமும் வானியல் அறிஞரானார். விண்மீன்களின் பாதைகளைத் தொகுத்து, ஒரு மண்டலத்தில் அவை பரவியிருக்கும் நிலையைக் கணிக்கும் முறையை 1979-இல் வகுத்தார். தொலைவிலுள்ள மண்டலங்களின் நடுவிலிருக்கும் கருந்துளைகளை எடைபோட அம்முறை இன்று பயன்படுகின்றது. தந்தை போர்க்களத்தில் கண்ட எல்லைக்கு உரிய பொருளை, மைந்தர் வகுத்த வழியால் உலகம் அளந்தறிகின்றது. அறிவுப்பணி ஒருவர் வாழ்நாளோடு முடிவதன்று.