23 புத்தகங்கள் திரும்பவில்லை!
ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்த பாதிரியார்

வியாழக்கிழமை தோறும் அந்தப் பாதிரியாரின் வீட்டு வாசலில் ஏழைகள் கூடுவார்கள். தர்மம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு நாள் பாதிரியார் அவர்களை வீட்டுக்குள் அழைத்தார். பிள்ளைகளிடம் சில கேள்விகள் கேட்டார். அவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பலருக்கு எழுத்தே தெரியாது!

பாதிரியாரின் பெயர் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. ஜெர்மனி நாட்டவர். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்.

தந்தையை இழந்தவர்

பிராங்கே 1663-ம் ஆண்டு லூபெக் நகரில் பிறந்தார். 7 வயதிலேயே தந்தையை இழந்தார். ஆயினும் படிப்பை விடவில்லை. பல மொழிகள் கற்றுத் தேர்ந்தார்.

லைப்சிக் நகரில் அவர் வேதாகமம் போதித்தபோது மாணவர்கள் திரண்டு வந்தார்கள். மூத்த பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்புக்குத் தடை வந்தது. எர்பர்ட் நகருக்குப் போனார். 1691-ல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்.

1692-ல் ஹாலே நகரம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே பேராசிரியர் ஆனார். முதலில் மொழிகளையும், பின்னர் இறையியலையும் கற்பித்தார். நகரை அடுத்த கிளௌகா என்ற ஏழை ஊருக்கு அவரே பாதிரியார்.

உண்டியல் பணம்

ஏழைப் பெற்றோருக்குப் பள்ளிச் சம்பளம் கட்டப் பணம் கொடுத்துப் பார்த்தார். அது பலன் தரவில்லை.

பிறகு வீட்டில் ஓர் உண்டியல் வைத்தார். 1695-ல் ஒருவர் அதில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டார். தாலர் என்பது வெள்ளி நாணயம். குரோஷன் சில்லறைக் காசு. அந்தப் பணத்தில் பள்ளி தொடங்கத் துணிந்தார் பிராங்கே!

புத்தகங்கள் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரை ஆசிரியராக வைத்தார். 27 பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தார். 4 புத்தகங்களே திரும்பி வந்தன!

பிராங்கே மனம் தளரவில்லை. மறுபடியும் புத்தகம் வாங்கினார். பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வளர்ந்தது பள்ளி

1698-ல் அனாதைப் பிள்ளைகளுக்குப் பெரிய கட்டிடம் எழும்பத் தொடங்கியது. மருந்துக்கடை, அச்சுக்கூடம், புத்தகக்கடை எல்லாம் ஏற்பட்டன. அவற்றின் வருமானம் தர்மத்துக்கு உதவியது. பெண் பிள்ளைகளும் படித்தார்கள்.

பிராங்கே கண்டிப்பானவர். விளையாட்டு வீண்பொழுது என்று நினைத்தார். அது பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான்.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஹாலேயில் படித்தவர். அங்கே செய்யப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன.

1727-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பிராங்கே காலமானார். அப்போது அவருடைய பள்ளிகளில் 2 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்து வந்தார்கள்.

23 புத்தகங்கள் போனதும் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால், அத்தனை பிள்ளைகளுக்கும் பள்ளி ஏது?