வெயிலை அறிந்த கட்டடக் கலைஞர்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள வணிக வளாகங்களைப் பார்க்கும்போது, இவை எந்த ஊர் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை என்ற ஐயம் எழுகிறது. மேற்கு நோக்கிய முகப்பு முழுவதும் கண்ணாடி. சன்னல்கள் உண்டு, ஆனால் திறக்க முடியாது. பிற்பகல் வெயிலை நாமே உள்ளே அழைத்துக்கொண்டு, பிறகு அதை வெளியேற்ற மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறோம்.

இவ்விரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், புதுச்சேரியில், ஒரு கான்கிரீட் கட்டடம் சுமார் 80 ஆண்டுகளாகக் குளிர்சாதனம் இன்றியே வாழத் தகுந்ததாக இருந்து வருகிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குவிடுதியான 'கோல்கொண்ட்' அது. இந்தியாவின் தொடக்கக்கால நவீனக் கட்டடங்களுள் ஒன்றாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் அதைக் கருதுகின்றனர். அதன் பணிகளைக் களத்தில் நின்று நடத்தியவர் ஜப்பானிய வம்சாவளியினரான ஜார்ஜ் நகாஷிமா. பிற்காலத்தில் மரத்தச்சராக உலகப் புகழ்பெற்ற அவரது வாழ்வில் நம் பகுதிக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

நகாஷிமா 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயின்றார். பின்னர் கட்டடக்கலைக்கு மாறினார். எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் பெற்றபோது அமெரிக்காவைப் பெருமந்தம் பீடித்திருந்தது. சில காலம் பாரிஸில் வாழ்ந்துவிட்டு ஜப்பான் சென்ற அவர், 1934இல் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர். ஃபிராங்க் லாய்டு ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ஜப்பான் வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். பின்னாளில் ஜப்பானிய நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளாக விளங்கிய குனியோ மயேகாவா, ஜுன்சோ யோஷிமுரா ஆகியோர் பயின்ற பட்டறை அவரது அலுவலகம். கான்கிரீட் என்னும் புதிய பொருளையும், ஜப்பானியத் தச்சரின் பழைய நுட்பத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாத இடம் அது.

அந்த அலுவலகத்துக்குத்தான் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரமத்தின் அன்னை 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். சீடர்களுக்கான விடுதி ஒன்றைக் கட்ட அவர் விரும்பினார். ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து நன்கொடை கிடைத்தது. அதனை நினைவுகூரும் வகையிலேயே கோல்கொண்டா கோட்டையின் பெயர், பிரெஞ்சு வழக்கில், விடுதிக்குச் சூட்டப்பட்டது. பணியை மேற்பார்வையிட நகாஷிமா தாமாகவே முன்வந்தார். ரேமண்டும், செக் நாட்டவரான பிரான்டிசெக் சம்மரும் புதுச்சேரிக்கு வந்து பணியாற்றினர்.

மேற்பார்வையிட வந்த நகாஷிமா ஆசிரமவாசியாகவே மாறினார். தமக்குரிய ஊதியத்தை மறுத்தார். அழகில் இன்பம் காண்பவர் என்ற பொருளில் ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். தேர்ந்த ஒப்பந்தக்காரர் எவரும் இன்றி, சீடர்களையும் உள்ளூர்த் தொழிலாளர்களையும் கொண்டு பணி நடந்தது.

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. அவற்றில் வழக்கமான சன்னல்கள் இல்லை. மாறாக, கிடைமட்டமான சாய்தகடுகள் தரைத்தளம் முதல் மேல்தளம் வரை வரிசையாக அமைந்துள்ளன. வேண்டும்போது அவற்றைத் திருப்பி வெயிலையும் மழையையும் தடுக்கலாம். காற்றை உள்ளே விடலாம். நடைகூடத்துக்கும் அறைக்கும் இடையே, தேக்குச் சட்டங்களால் இடைவெளிவிட்டுச் செய்யப்பட்ட நகரும் கதவுகள். கதவை மூடினாலும் காற்று நிற்பதில்லை. அறையின் தனிமையும் கெடுவதில்லை. தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாவது கூரையாக நின்று வெப்பத்தைத் தாங்கிக்கொள்கின்றன. தரையில் கறுத்த கடப்பைக் கல். சுவரில் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு.

இவற்றில் நமக்கு முற்றிலும் அந்நியமானது எது? தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் கொண்ட நம் தென்னார்க்காட்டு வீடுகள் இதே வெயிலை இதே வழியில்தான் எதிர்கொண்டன. அந்த அறிவைக் கான்கிரீட்டின் மொழியில் எழுதிக்காட்டியதே கோல்கொண்டின் சாதனை.

கட்டடம் முழுமையாக முடியும்முன் 1939இல் நகாஷிமா புறப்பட்டார். ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பி, 1941இல் மரியான் ஒகாஜிமாவை மணந்தார். அங்கே ரைட் வடிவமைத்த கட்டடங்களின் பணித்தரத்தைக் கண்டு அவர் ஏமாற்றமடைந்தார். வரைபடம் ஒருவருடையதாகவும் வேலை இன்னொருவருடையதாகவும் இருக்கும் தொழில் தமக்கு உகந்ததல்ல என்று முடிவுசெய்து, தொடக்கம் முதல் இறுதி வரை தம் கையிலேயே இருக்கும் மரவேலையைத் தேர்ந்தெடுத்தார்.

போர் குறுக்கிட்டது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே மரபுவழித் தச்சரான கெண்டாரோ ஹிகோகவாவிடம் ஜப்பானியக் கருவிகளைக் கையாளும் நுட்பங்களைக் கற்றார். பிறந்த நாடே பகைவனாகக் கருதிய நாள்களில் தம் வாழ்நாள் தொழிலுக்கான பயிற்சியைப் பெற்றார் என்பது எண்ணத்தக்கது. 1943இல் ரேமண்டின் பொறுப்பேற்பில் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதிக்குச் சென்று அங்கேயே பட்டறை அமைத்தார்.

மரத்தின் இயற்கையான ஓரத்தைச் சீவாமல் விடுவதும், வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டால் பிணைப்பதும் அவரது முத்திரைகளாயின. குறையை ஒளிக்காமல் தாங்கிப்பிடித்து அழகாக்குவதே அவரது வழி. 1960களில் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகவும் அறைகலன்களை வடிவமைத்தார்.

முதுமையில் ஒரு பெரிய வால்நட் மரம் கிடைத்தபோது, கண்டந்தோறும் ஓர் அமைதி மேசை நிறுவும் கனவை வகுத்தார். முதல் மேசை 1986இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் இடம்பெற்றது. 1990இல் நகாஷிமா மறைந்தார். பின்னர் அவர் மகள் மீராவின் முயற்சியால் ஆசியாவுக்கான மேசை 1996இல் ஆரோவில் வந்துசேர்ந்தது. கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரை அமைந்துள்ள அதே வானூர் வட்டத்தில், நம் விழுப்புரம் மாவட்டத்தில், அவரது கனவின் ஒரு பகுதி நிலைபெற்றிருக்கிறது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். கோல்கொண்ட் ஆண்டுக்கணக்கில், சீடர்களின் ஊதியமற்ற உழைப்பால் எழுந்தது. அத்தகைய பொறுமையும் கைத்திறனும் சந்தை விலையில் கிடைப்பதில்லை. அதன் சாய்தகடுகளில் பயன்பட்ட கல்நார் சிமெண்ட், உடல்நலத்துக்குத் தீங்கானது என்று இன்று நாம் அறிவோம். ஆகவே, அக்கட்டடத்தை அப்படியே நகலெடுக்க இயலாது; வேண்டியதும் இல்லை.

ஆனால், கட்டடத்தை எந்தத் திசை நோக்கி நிறுத்துவது என்ற முடிவுக்குச் செலவு பெரும்பாலும் இல்லை. மேற்குச் சுவரில் கண்ணாடியைத் தவிர்த்தால் செலவு குறையவே செய்யும். நிழல்தரும் நீட்சிகளும், எதிரெதிரே திறக்கும் சன்னல்களும் ஒருமுறைச் செலவு. குளிர்சாதனத்தின் மின்கட்டணமோ ஆயுள் முழுவதும் தொடரும் செலவு. இந்த எளிய கணக்கு ஏன் பிழைக்கிறது? கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர் என்பதால்தான். வாடகைக்குக் கடை எடுப்பவரிடம் திசையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

சந்தை தானாகத் திருத்திக்கொள்ளாத இத்தகைய இடத்தில்தான் அரசின் விதிகளுக்குப் பொருள் உண்டு. மத்திய அரசு 2007இல் வணிகக் கட்டடங்களுக்கும், 2018இல் குடியிருப்புகளுக்கும் ஆற்றல் சேமிப்பு நெறிகளை வெளியிட்டது. வரைபட அனுமதி வழங்கும்போது பக்க இடைவெளியை அளக்கும் அதே அக்கறையுடன், மேற்குச் சுவரையும் சன்னல் நிழலையும் உள்ளாட்சி அமைப்புகள் பார்க்க வேண்டும். பள்ளி, கல்லூரி, ஆரம்ப சுகாதார நிலையம் எனப் பொதுப் பணத்தில் எழும் கட்டடங்களில் இதை முதலில் தொடங்கலாம். அங்கு கட்டுபவரும் கட்டணம் செலுத்துபவரும் அரசே.

கடல் கடந்து வந்த ஓர் இளைஞர் சில ஆண்டுகளில் நம் வெயிலையும் காற்றையும் கற்றுக்கொண்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் அவற்றை மறந்துவிட்டுக் கட்டுவது தகுமா? நம் பொறியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் கோல்கொண்டைக் காண அழைத்துச் செல்லப்பட வேண்டும். நகாஷிமாவுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.