ஸாமுவேல் லாங்லி

ஆகாய விமானம் என்ற அளவிலே ரைட் சகோதரரை நினையாதார் இலர். அவர்க்கு முன்னரே ஆளில்லாச் சிறு விமானத்தை யந்திர பலத்தால் நெடுந்தூரம் பறக்கவிட்ட லாங்லி என்னும் அமெரிக்கப் பெரியாரை நம்மவருள் அறிந்தார் சிலரே. அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

லாங்லி 1834-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்தார். கல்லூரியில் பயின்றவரல்லர், கல்லூரிச் சஞ்சிகையில் இதனை எழுத நமக்குச் சிறிது கூச்சமே. தாமே கற்று வானநூல் வல்லுநராகி, 1887-இல் வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் கழகத்தின் காரியதரிசியாயினார்.

முதலில் முறுக்கிய ரப்பரால் ஓடும் மாதிரி விமானங்களைச் செய்து பார்த்தார். ரப்பரின் விசை சில நொடியில் தீர்ந்துபோதலின் நீராவி யந்திரத்தை நாடினார். ஈங்கேதான் பேரிடர் நேர்ந்தது. அக்கால நீராவி ரயில் யந்திரத்தில் நெருப்பைத் தூண்டவும் தணிக்கவும் ஆள் இருந்தனர். வானிற் சென்ற மாதிரிக்கு அருகே யாவர் உளர்? இக்காலத்தார் தரையில் நின்றே மின்னலைகளால் அதன் யந்திரத்தை ஆளுகின்றனர். அன்று அவ்வசதி இல்லை. புறப்படுமுன் அமைத்த சுடரே இறங்குமளவும் சீராய் எரிதல் வேண்டும். ஆய்வுச்சாலையில் காற்றில்லா இடத்திலும் வாயு விளக்கின் சுடரை நிலைநிறுத்த நம் மாணவர் படும் பாட்டை நாம் அறிவோம்.

பெட்ரோல் ஆவியால் எரியும் சுடர், சுருட்டிய குழாயாகிய கொதிகலம், ஒரு குதிரைவலியுள்ள யந்திரம், இரு விசிறிகள் ஆகிய இவை யாவும் உட்பட ஐந்தாம் எண் விமானத்தின் எடை ஏறக்குறைய 25 ராத்தலே. ஆவியை மீண்டும் நீராக்கும் கருவி, கனம் கருதி விலக்கப்பட்டது. ஆகவே கொண்டுசென்ற சிறிது நீர் வற்றியதும் யந்திரம் தானே ஓயும். பல்லாண்டுத் தோல்விகளுக்குப் பின், 1896 மே 6-ஆம் நாள், பொடோமாக் நதியில் படகுவீட்டின் கூரையினின்று விற்பொறியால் செலுத்தப்பெற்ற அது 3,300 அடி பறந்து, நீர்மேல் மெல்ல இறங்கிற்று. டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் அருகிருந்து படம் பிடித்தார். அன்றே மறுமுறையும் பறந்தது.

பின்னர் அரசாங்கம் ஈந்த 50,000 டாலரைக்கொண்டு ஆளேறும் பெரிய விமானம் சமைத்தார். அதன் 52 குதிரைவலி யந்திரம் அக்காலத்துக்கு அரியது. எனினும் 1903 அக்டோபர் 7-இலும் டிசம்பர் 8-இலும் விமானம் நதியில் வீழ்ந்தது. ஓட்டிய மான்லி உயிர் தப்பினார். ஆளில்லா மாதிரி தானே சமநிலை காத்தல் தகும். ஆளேறிய பின்னும் பெரும்பாலும் அதனையே நம்பியது பிழை என்பது நம் கருத்து. ஓட்டுவோன் கையில் ஆட்சியை வைத்த ரைட் சகோதரர் ஒன்பதே நாளில் பறந்தனர்.

பத்திரிகைகளின் ஏளனத்துக்கு இலக்காகிய லாங்லி 1906 பிப்ரவரியில் காலமானார். ஐந்தாம் எண் விமானம் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இன்றும் உளது.